மிஸ்ஸிக்கு எவ்வளவு?

தாதியை நாம் 'மிஸ்ஸி' என்று அழைக்கிறோம். எழுத்தில் தாதி, செவிலி, மருத்துவத் தாதி என்று எத்தனை பெயர்கள் இருந்தாலும், அரசாங்க மருத்துவமனை வார்டின் கோடியில் வலியால் துடிக்கும் பாட்டியின் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். அதில் மரியாதையும் உண்டு, உரிமையும் உண்டு. ஆனால், அதே மிஸ்ஸி மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு பராமரிப்புத் தொழிலைத் தொடங்கி, நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது நம் வாயில் வருவது வேறொரு கேள்வி. "மிஸ்ஸிக்கு எவ்வளவு கொடுக்கணும்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம் சமுதாயம் ஏன் இவ்வளவு தடுமாறுகிறது என்பதை எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு 'என் இலட்சியம்' என்ற கட்டுரைத் தலைப்பு மறந்திருக்காது. எங்கள் வகுப்பில் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆசிரியராவோம் என்று எழுதினோம். மீதிப் பேர் தாதியாவோம் என்று எழுதினார்கள். தாதியென்று எழுதிய எல்லாருடைய கட்டுரையும் "நோயாளிகளுக்குத் தன்னலமற்ற சேவை செய்வேன்" என்றுதான் முடியும். ஆசிரியரும் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதிக் கொடுப்பார். தாதியானால் மாதம் எவ்வளவு சம்பளம் வரும், அந்தச் சம்பளத்தில் வீடு வாங்க முடியுமா என்று எவரும் எழுதியதில்லை. எழுதியிருந்தால் அது தவறான கட்டுரையாகக் கருதப்பட்டிருக்கும்!

இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற பிறகு மலாய்மொழியில் தாதிக்கு 'ஜூருராவாட்' என்று பெயர் எனப் படித்தோம். 'ஜூரு' என்றால் ஒரு தொழிலில் தேர்ந்தவர். பொறியியலாளர் 'ஜூருதெரா', விற்பனையாளர் 'ஜூருஜுவால்', தாதி 'ஜூருராவாட்'. பராமரிப்பதைக் கற்றுத் தேர்ந்த நிபுணர் என்றே அம்மொழி அவரைச் சொல்கிறது. நம் மொழியிலும் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் கடைசிக் குறளான 950ஆவது குறளைப் பாருங்கள். மருத்துவம் என்பதை நான்கு கூறுகளாகப் பிரித்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு 'உழைச்செல்வான்' என்று அருகிலிருந்து கவனிப்பவரையும் சேர்த்திருக்கிறார். மருத்துவருக்கும் மருந்துக்கும் பணம் கொடுப்பதில் நமக்குத் தயக்கமே இல்லை. நான்காவது ஆளிடம் வரும்போது மட்டும் 'சேவை' என்ற சொல் குறுக்கே வந்துவிடுகிறது.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. சுங்கை பட்டாணியில் வசிக்கும் என் சின்னம்மா ஒரு பதிவு பெற்ற தாதி. பத்தொன்பது ஆண்டுகள் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்தவர். இரவு வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதால், ஐம்பது வயதில் சேமநிதியில் ஒரு பகுதியை எடுத்து, பழைய மைவி கார் ஒன்றையும் தேவையான கருவிகளையும் வாங்கி, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் தொழிலைத் தொடங்கினார். தொடங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. பல்கலைக்கழக விடுமுறையில் வீடு திரும்பும்போதெல்லாம் அவருடைய கணக்குப் புத்தகத்தை நான்தான் எழுதுகிறேன்.

அவருடைய வேலைக்குத் தேவை இல்லாமலில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது, ஏறக்குறைய மூவரில் ஒருவர்! நீரிழிவுக்காரரின் பாதத்தில் ஒரு சிறு கொப்புளம் வந்தால், உணர்ச்சி குறைந்த காலில் அது தெரியாமலேயே புண்ணாகிறது. இரத்த ஓட்டம் குறைந்திருப்பதால் ஆற மறுக்கிறது. கவனிக்காமல் விட்டால் விரலை எடுக்க வேண்டும், பிறகு காலையே எடுக்க வேண்டும். முறையாகச் சுத்தம் செய்து கட்டுப் போட ஓர் ஆள் இருந்தாலே பல கால்கள் தப்பிக்கும். இவர்களோடு பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்டவர்களும் இருக்கிறார்கள். மூக்கு வழியாக உணவுக்குழாய் பொருத்தப்பட்டவர்கள், சிறுநீர்க் குழாயை மாற்ற வேண்டியவர்கள், இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் படுக்கைப் புண் வந்துவிடக் கூடியவர்கள். மருத்துவமனையோ கட்டில் தேவை என்று இவர்களை விரைவில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. வீட்டிலே மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

தொழில் தொடங்குவது என்பது காரும் பையும் வாங்குவதோடு முடிந்துவிடவில்லை. 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருப்பவர், தொழில் செய்வதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வியாபாரத்தை எஸ்.எஸ்.எம்.-இல் பதிய வேண்டும். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பராமரிப்பு இல்லம் நடத்துவதாக இருந்தால் கதை இன்னும் நீளம். நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களைத் தங்க வைத்துப் பராமரித்தால், 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். அதற்கு முன் ஊராட்சி மன்றம், தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை ஆகியவற்றின் ஆதரவும் வேண்டும். நோயாளிகளுக்குத் தாதிமைச் சிகிச்சை தரும் இல்லம் என்றால் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம் வருகிறது. முதியோர்க்கான தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகளுக்கென்றே 2018ஆம் ஆண்டில் இன்னொரு சட்டமும் அரசிதழில் வெளியானது. இவையெல்லாம் நோயாளியைக் காக்கவே உள்ளன, குறை சொல்வதற்கில்லை. ஆனால், ஊசி போடவும் புண் கழுவவும் கற்றுத் தந்த தாதியர் கல்லூரி, பாரம் நிரப்பவும் விலை வைக்கவும் அவருக்குக் கற்றுத் தரவில்லை.

விலை வைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. ஒரு முறை வீட்டுக்குச் சென்று புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட சின்னம்மா 70 வெள்ளி வாங்குகிறார். இந்தத் தொகை எப்படி வந்தது என்று நானும் அவரும் ஓர் இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். கையுறை, உப்புநீர், துணி, புண்ணின் தன்மைக்கேற்ற மருந்துக் கட்டு ஆகியவற்றுக்கு சராசரியாக 14 வெள்ளி. பெட்ரோலுக்கும் காரின் தேய்மானத்திற்கும் 6 வெள்ளி. மீதம் 50 வெள்ளி. அதற்கு ஒரு மணி நேர வேலையும், போக வர முக்கால் மணி நேரமும் ஆகின்றன. ஒரு நாளில் நான்கு வீட்டுக்கு மேல் ஒழுங்காகப் பார்க்க முடியாது. காலண்டரில் எல்லா நாளும் நான்கு வீடு அமைவதும் இல்லை.

இந்த 70 வெள்ளியைக் கேட்டதும் வரும் முதல் பதில், "என்னா மிஸ்ஸி, நம்ம ஆளுங்கதானே, கொஞ்சம் பாத்துப் போடுங்களேன்" என்பதுதான். அந்த வீட்டிலே ஏர்கோன் பழுது பார்க்க வந்தவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பேரத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நம் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டங்களில் ஆஸ்பத்திரியும் டிரஸரும் ஆயாக் கொட்டகையும் நிர்வாகத்தைச் சேர்ந்தவை. தரம் எப்படி இருந்தாலும், பராமரிப்புக்கென்று குடும்பத்துக்கு ஒரு பில் வந்ததில்லை. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் வந்த பிறகு அரசாங்கக் கிளினிக் இருந்தது. அங்கே குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. மீதிச் செலவை அரசாங்கம் வரிப்பணத்திலிருந்து கொடுக்கிறது. இது நாட்டின் பெருமைக்குரிய ஏற்பாடு. ஆனால், அதன் ஒரு பக்க விளைவாக, ஒரு கட்டுப் போட உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதே நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. 1 வெள்ளிக்குப் பழகிய மனத்துக்கு 70 வெள்ளி கொள்ளையாகத்தான் தெரியும்.

சேவை என்றால் காசு கேட்கக் கூடாது என்ற எண்ணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டுதோறும் மே மாதம் 12ஆம் நாளை அனைத்துலகத் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அது ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள். கையில் விளக்கேந்திய அந்த அம்மையாரின் படத்தைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். அவருடைய தொண்டை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால், 1853ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு மருத்துவ இல்லத்தின் பொறுப்பை ஊதியமின்றி ஏற்க அவரால் எப்படி முடிந்தது? அவருடைய தந்தை ஆண்டுக்கு 500 பவுன் கொடுத்து வந்தார். அக்காலத்தில் அது ஒரு பெரிய தொகை.

அதே கிரிமியப் போரில் இன்னொரு பெண்மணியும் இருந்தார். 1805ஆம் ஆண்டில் ஜமைக்காவில் பிறந்த மேரி சீக்கோல். தாயிடம் மூலிகை வைத்தியமும் விடுதி நடத்தும் தொழிலும் கற்றவர். தாதியாகச் சேர்த்துக்கொள்ளும்படி லண்டனில் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். அவரோ சொந்தச் செலவில் புறப்பட்டுப் போய், 1855ஆம் ஆண்டில் போர்முனைக்கு அருகில் 'பிரிட்டிஷ் ஹோட்டல்' என்ற பெயரில் கடையும் உணவகமும் நடத்தினார். உணவும் பொருள்களும் விற்றார். காயம்பட்டவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் வைத்தியம் பார்த்தார். வியாபாரம் இல்லாவிட்டால் அவர் அங்கே ஒரு மாதம்கூட இருந்திருக்க முடியாது. 1856ஆம் ஆண்டில் போர் முடிந்ததும் விற்காத சரக்கோடு கடனாளியாகி லண்டன் திரும்பினார். அவருக்கு உதவ மறு ஆண்டு நிதி திரட்டப்பட்டது. பிறகு உலகம் அவரை நெடுங்காலம் மறந்தே போனது. லண்டனில் அவருக்குச் சிலை எழுந்தது 2016ஆம் ஆண்டில்தான். தந்தையிடமிருந்து 500 பவுன் பெறும் தாதி இலவசமாகத் தொண்டு செய்யலாம். மற்ற தாதியர் விலை சொல்லித்தான் ஆக வேண்டும். சின்னம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப எவரும் இல்லை.

அப்படியென்றால் பராமரிப்பும் மற்ற வியாபாரங்களைப் போல ஒரு வியாபாரம்தானா? இல்லை என்பதையும் அந்தக் கணக்குப் புத்தகம்தான் எனக்குக் காட்டியது. ஒரு வீட்டில் லோரி ஓட்டுநர் ஒருவரின் கால் புண்ணுக்கு வாரத்தில் நான்கு முறை போய்க்கொண்டிருந்தார். மூன்றாவது மாதத்தில் அது வாரம் ஒரு முறையானது. கேட்டபோது, அந்தப் பெரியவரின் மனைவிக்குக் கட்டுப் போடக் கற்றுக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"ஏன் சின்னம்மா, நீங்களே போயிருந்தா மாசம் எட்டு நூறு தொள்ளாயிரம் வந்திருக்குமே?" என்று கேட்டேன்.

"புண்ணு ஆறிக்கிட்டு வருதும்மா. இனி அந்த அம்மாவே சுத்தமா செஞ்சிடுவாங்க. வாரம் ஒரு தடவ நான் போயி பாத்தாப் போதும். ஆறாத மாதிரி நாடகம் போடவா சொல்ற?" என்றார்.

மற்ற தொழில்களில் வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வர வேண்டும். இந்தத் தொழிலிலோ வேலை நன்றாக நடந்தால் வாடிக்கையாளர் போய்விடுவார். புண்ணின் நிறமும் வாடையும் மாறினால், அடுத்த நாள் வருமானத்தை மறந்துவிட்டு, "உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்ல வேண்டும். அந்த நேர்மையை ஒரு தாதியிடம் எதிர்பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால், அந்த நேர்மையைக் காப்பாற்றும் அளவுக்கு அவருக்கு வருமானம் இருக்க வேண்டும் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அரைவயிற்றுத் தாதியிடம் ஆறிய புண்ணுக்கும் கட்டுப் போடும் ஆசை எழாது என்று யாரால் உறுதி கூற முடியும்?

தாதியரே நடத்தும் தொழில் நேர்மையாகவும் பெரிதாகவும் வளர முடியும் என்பதற்கு நெதர்லாந்து ஒரு சான்று. அங்கே வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள் பெரிதாகி, தாதியின் வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஊசிக்கு இத்தனை நிமிடம், குளிப்பாட்ட இத்தனை நிமிடம் என்று அளந்துகொண்டிருந்தன. அது பிடிக்காத யோஸ் டெ பிளோக் என்ற ஆண் தாதி, 2006ஆம் ஆண்டில் 'பியூர்ட்சோர்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 'அக்கம்பக்கப் பராமரிப்பு' என்பது அதன் பொருள். நான்கு தாதியரைக் கொண்ட ஒரே குழுவாக ஆரம்பித்த அது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்யும் அமைப்பாக வளர்ந்தது. ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் இருப்பதில்லை; மேலாளர் என்று எவரும் இல்லை; யார் எந்த வீட்டுக்குப் போவது என்பதைக் குழுவே முடிவு செய்கிறது. நோயாளியும் குடும்பத்தாரும் தங்களால் இயன்றதைத் தாங்களே செய்யப் பழக்குவது அவர்கள் முறை. சுங்கை பட்டாணியில் சின்னம்மா செய்ததும் அதைத்தான். ஒரு பெரிய வித்தியாசம் என்னவென்றால், அங்கே காப்புறுதி பணம் கொடுக்கிறது. இங்கே மகன் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மகனிடம் உண்மையிலேயே பணம் இல்லாவிட்டால்? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு விலையைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது. சின்னம்மாவின் வழி இதுதான். சில அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகள், படுத்த படுக்கையாக உள்ளவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் 'டோமிசிலியாரி' சேவையை வழங்குகின்றன. அது கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்வார். படுக்கையாகிவிட்ட நோயாளியைக் கவனிப்பவருக்குச் சமூக நல இலாகா தரும் மாத உதவித்தொகைக்குப் பாரம் நிரப்பிக் கொடுப்பார். இவையெல்லாம் கைகூடும் வரை இரண்டு வீடுகளுக்கு மட்டும் காசு வாங்காமல் போவார். கணக்குப் புத்தகத்தில் அந்த வருகைகளையும் '0' என்று எழுதச் சொல்லியிருக்கிறார். "இலவசம்னாலும் எழுது. எழுதலன்னா எத்தன தாங்க முடியும்னு தெரியாமப் போயிடும்" என்பார். அவர் தருமம் செய்கிறார். ஆனால் கணக்கோடு செய்கிறார்.

அவரைப் பாதிப்பது அந்த இரண்டு வீடுகள் அல்ல. "அடுத்த மாசம் சேத்துக் கொடுத்துடுறோம் மிஸ்ஸி" என்று சொல்லும் வசதியுள்ள வீடுகள்தாம். கடந்த விடுமுறையில் ஒரு மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். கட்டணத்துக்குரிய வருகைகள் 62. வர வேண்டிய தொகை 4,340 வெள்ளி. அதில் மருந்துக் கட்டுக்கும் பயணத்துக்கும் 1,240 வெள்ளி போனது. கார்த் தவணை, காப்புறுதி, தொலைபேசி என 600 வெள்ளி. மீதம் 2,500 வெள்ளி இருக்க வேண்டும். ஆனால் பதினொரு வருகைகளுக்கான 770 வெள்ளி இன்னும் வரவில்லை. ஆக, கையில் நின்றது 1,730 வெள்ளி. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒரு தாதிக்கும் அதற்கும் இடையே 30 வெள்ளிதான் தூரம்!

இப்போது சின்னம்மாவின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆண்டு முடிவதற்குள் தொழிலை மூடிவிட்டு மறுபடியும் மருத்துவமனைக்குப் போவது ஒன்று. இன்னொரு தாதியைச் சேர்த்துக்கொண்டு, இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குன் ஸ்பூமி கடனுதவிக்கு மனுச் செய்து, தொழிலைச் சற்றுப் பெரிதாக்குவது மற்றொன்று. வீட்டில் அம்மா முதல் வழியைச் சொல்கிறார். மாதச் சம்பளத்தின் நிம்மதி அவருக்குத் தெரியும். நான் இரண்டாவதைச் சொல்கிறேன். கடன் என்றால் மாதத் தவணை உண்டு. 770 வெள்ளி ஒவ்வொரு மாதமும் வராமல் போனால் தவணையைக் கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். எனவே, அவர் எடுக்கப்போகும் முடிவு அவர் கையில் மட்டும் இல்லை. அந்தப் பதினொரு வருகைகளின் கையிலும் இருக்கிறது.

இவ்விதழைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்களில் கணக்கியல் படித்தவர்கள் இருக்கிறீர்கள். சட்டம் படித்தவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வட்டாரத்தில் இப்படித் தொழில் தொடங்கிய தாதி ஒருவர் நிச்சயம் இருப்பார். பில் எழுதவும், இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் தயாரிக்கவும், வருமான வரிப் பாரத்தை நிரப்பவும் ஒரு சனிக்கிழமை உதவினால் போதும். அதைவிட எளிய உதவியும் ஒன்று உண்டு. உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கட்டுப் போட மிஸ்ஸி வந்தால், எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள். அவர் சொல்லும் தொகையை, அவர் காலணியை மாட்டிக்கொள்வதற்குள் கையில் கொடுத்துவிடுங்கள். அவரைத் தெய்வம் என்று புகழ வேண்டியதில்லை. அடுத்த வாரமும் அவர் வர வேண்டும். அதற்குக் காரில் பெட்ரோல் இருந்தால் போதும்.